செவ்வாயின் கறுத்த கோடுகள்

நஜ்முன் நிஸா புல்மோட்டையில் பத்தொன்பது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறார். வகுப்பில் தான் பிழையாக எதையும் சொன்னதில்லை என்றே நினைத்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், பாடசாலையில் விஞ்ஞான தினம். பெற்றோரும் வந்திருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தின் மலைச்சரிவுகளில் மேலிருந்து கீழிறங்கும் கறுத்த கோடுகளைத் திரையில் காட்டி, "இது தண்ணீர் வழிந்த தடம்" என்றார். 'இருக்கலாம்' என்றுதான் அவர் படித்திருந்தார். அந்தச் சொல்லை விட்டுவிட்டார்.

பின்வரிசையில் ஜெமீல் எழும்பினார். கனிய மணல் வேலைத்தளத்தில் மணல் அள்ளும் லோடர் ஓட்டுபவர். மகள் ஷிஃபானா அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"டீச்சர், அது தண்ணி இல்ல போல. எங்கட கறுத்த மண் குவியல்லயும் இப்பிடித்தான். கோடையில ரோட்டுப் புழுதி மேல படிஞ்சு வெளிறிப் போகும். காத்தடிச்சா, லோடர் கிட்டப் போனா, மேல்புழுதி வழுக்கி இறங்கும். இறங்கின இடம் கோடு கோடா கறுப்பாத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது."

நஜ்முன் நிஸா சிரித்தார். "நீங்க செவ்வாயிலயும் லோடர் ஓட்டியிருக்கிறீங்களா?"

மண்டபமே சிரித்தது. ஜெமீல் கதிரையில் அமர்ந்தார்.

போன மாதம் திருகோணமலையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. பயிற்சி நடத்திய வளவாளர் அந்தக் கோடுகளைப் பற்றிய புதிய ஆய்வொன்றை விளக்கினார். ஐந்து இலட்சம் கோடுகளைக் கணினியால் ஆராய்ந்திருக்கிறார்கள். தண்ணீருக்கான அறிகுறி இல்லை. காற்றும், படிந்த தூசி சரிவதும்தான் காரணம் என்கிறார்கள். நஜ்முன் நிஸா குறிப்பெடுப்பதை நிறுத்தினார். திரும்பி வரும்போது பஸ் மணல் குவியல்களைத் தாண்டியது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்து நாள் தயங்கி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெமீலின் வீட்டுக்குப் போனார்.

"நீங்க சொன்னதுதான் சரி. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உங்களை அவமானப்படுத்திப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

ஜெமீல் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க சிரிச்சது பரவாயில்ல டீச்சர். படிச்ச ஆக்கள். என்ட மகளும் சிரிச்சவ. அதுக்குப் பிறகு நான் ஸ்கூல் பக்கம் வரல்ல."

அவர் வராததை இரண்டு வருடமாகத் தான் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் நஜ்முன் நிஸாவுக்கு உறைத்தது.

"வகுப்புக்கு வந்து நீங்களே பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துங்களன்."

"ஏலாது டீச்சர். இன்னொருக்கா எழும்பிக் கதைக்க எனக்கு ஏலாது."

திங்கட்கிழமை, ஷிஃபானா இப்போது படிக்கும் பதினோராம் வகுப்பில் நஜ்முன் நிஸாவே அதே படத்தைக் காட்டினார். தான் சொன்னது பிழை என்றார். சரியாகச் சொன்னவர் யார், அவரிடம் தான் கேட்டது என்ன என்பதையும் மறைக்கவில்லை. ஷிஃபானா தலை நிமிரவில்லை. மணியடித்த பிறகு மேசையருகே வந்தாள்.

"வாப்பா அண்டைக்கு வீட்ட வந்து ஒண்டும் சொல்லல்ல டீச்சர். நானும் ஒண்டும் கேக்கல்ல."

நஜ்முன் நிஸா திரையிலிருந்த படத்தை அணைத்தார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கும் ஷிஃபானாவின் உம்மாதான் வந்தார். அவர் கையெழுத்திட்ட தாளை வாங்கும்போது நஜ்முன் நிஸாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.