எல்டன் ஹாஸ்கின்ஸ் காப்பாற்றிய கட்டடம்

அமெரிக்காவில் டெல்வுட் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தின் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் எல்டன் ஹாஸ்கின்ஸுக்கு இருந்த வெறுப்பு ஒரே நாளில் வந்ததல்ல. இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவர் அவர். கூரை பதினேழு இடத்தில் ஒழுகும். மழை பிடித்தால் வாளிகளோடு மூன்று மாடி ஏறி இறங்குவார். அடித்தளத்துக் கொதிகலனை உதைத்தால்தான் குளிர்காலத்தில் அறைகளுக்குச் சூடு வரும். உதைத்து உதைத்தே அவருடைய வலது முட்டி போய்விட்டது.

ஆகவே, இதை இடித்துவிட்டு நெடுஞ்சாலை ஓரம் ஒரே தளத்தில் புதிதாகக் கட்டலாமா என்று 1974-இல் வாக்கெடுப்பு அறிவித்ததும், எல்டன் சமையலறையில் சின்னதாக ஓர் ஆட்டம் போட்டார்.

"முட்டி வலின்னீங்க?" என்றாள் மனைவி லவான்.

"இன்னிக்கு வலிக்கல."

வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் பொதுக்கூட்டம். பல் டாக்டர் மனைவி மார்வெல் தார்ப் எழுந்து, "இது நம்ம ஊரோட உசிரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் நம்பர் தகடு புதுப்பிப்பதும் அந்தக் கட்டடத்தில்தான்; அதற்குக்கூட அந்த அம்மாள் அங்கே வந்ததில்லை, கணவரைத்தான் அனுப்புவாள்.

"எல்டன், உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொல்லுங்க" என்றார் கூட்டத் தலைவர்.

எல்டன் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆரம்பித்தார். "பத்திர அறைக்கு மேல ஏப்ரல் மழைக்கு மட்டும் ஒழுகும். ஜூரி அறைல தெக்குக் காத்து அடிச்சா ஒழுகும். மாடிப்படில நாப்பத்தொண்ணாவது ஆடும், ஓரமாத்தான் மிதிக்கணும்..." கால் மணி நேரம் ஒன்று விடாமல் சொன்னார். அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவருக்கு நிம்மதி.

"பாத்தீங்களா, ஒவ்வொரு படியையும் பெத்த புள்ள மாதிரி தெரிஞ்சு வச்சிருக்காரு!" என்று கூவினாள் மார்வெல்.

"ஐயோ, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

முப்பத்தெட்டு வாக்கு வித்தியாசத்தில் கட்டடம் பிழைத்தது. இடிக்கச் சொன்னவற்றில் ஒன்று எல்டனுடையது, இன்னொன்று லவானுடையது. 'இதைக் காத்தவர் எல்டன் ஹாஸ்கின்ஸ்' என்று வாசலில் பித்தளைத் தகடு பதித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துலக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. கூரை மாற்ற ஆள் வந்தது அவர் ஓய்வு பெற்ற மறு மாதம்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் லவான்.

"போன வாரம் பக்கத்து கவுண்டிலேருந்து ஒருத்தர் அந்தத் தகட்டைப் பாத்துட்டுத் தேடி வந்து கையைப் புடிச்சிட்டு விடவே இல்ல. அழுதுட்டாரு, பாவம்" என்றார் எல்டன். "நாமளும் கொஞ்ச நாள் நல்லவங்களா இருந்துட்டுப் போவோமே."