பாண்டாவின் மந்தை

முழங்காலின் பின்மடிப்பில் ஈரமாக, சில்லென்று ஒரு மூக்கு வந்து முட்டும். தெருவை விட்டு மெயின் ரோட்டுப் பக்கம் கால் வைத்தால் போதும், எங்கிருந்தோ ஓடிவந்து முட்டிவிட்டு, நாங்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பும்வரை அது விடாது. கடிக்காது, குரைக்காது. நான், தம்பி ஜோயல், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று கலைந்து விளையாடும் அத்தனை பேரையும் அரைவட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து, தண்ணீர்த் தொட்டி அருகே ஒரே கும்பலாகச் சேர்த்த பிறகுதான் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுக்கும். தெருவில் அதற்கு "வாத்தியார் நாய்" என்று பெயர்.

ஒரகடத்தில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியருக்கு அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் திடீரென்று சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தபோது, கறுப்பும் வெள்ளையுமாகச் சடைமுடியோடு இருந்த அந்த நாயை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "பாண்டா" என்று ஜோயல்தான் வைத்தான். காவலுக்கு ஆகும் என்று அப்பா நினைத்தார். திருடன் வந்தால் அவனையும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிடும் என்று அம்மா சிரிப்பாள்.

அது எதற்காகப் பிறந்த நாய் என்பது லூர்து மாமாவின் ஆடுகளால்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெருக்கோடியில் குடியிருந்த லூர்து மாமா, கம்பெனிக்கென்று எடுக்கப்பட்டு வெகுநாளாகச் சும்மா கிடந்த நிலத்தில் ஆடு மேய்ப்பார். ஒரு சாயங்காலம் டிப்பர் லாரியின் ஹாரனுக்கு மிரண்டு ஆடுகள் ரோட்டில் சிதறி ஓட, பாண்டா வயிறு தரையில் உரசும்படி பதுங்கிப்போய், முன்னால் ஓடிய கிடாவை மறித்து, கண் கொட்டாமல் அதையே பார்த்தது. கிடா திரும்பியது, அதன் பின்னால் மந்தையே திரும்பியது. "யாருடா இதுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று மாமா அதிசயப்பட்டார். இன்ஜினியரின் மாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த அந்த நாய், அதற்கு முன் ஓர் ஆட்டைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

தடுப்பூசி போட ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டரம்மா விளக்கினார்: "இது மந்தை மேய்க்கிற ஜாதி. பதுங்குறது, முறைச்சுப் பாக்குறது, சுத்தி வளைக்கிறது எல்லாம் தலைமுறை தலைமுறையாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்ததுல வந்தது. யாரும் கத்துக்குடுக்க வேணாம். ஆனா வேலை இல்லாம மட்டும் வெக்காதீங்க, தாங்காது."

அன்று முதல் பாண்டா லூர்து மாமாவோடு மேய்ச்சலுக்குப் போயிற்று. உடம்பெல்லாம் நெருஞ்சிமுள்ளோடு பொழுது சாய்ந்து திரும்பும் அதன் முகத்தில் இருந்த நிறைவை வேறெந்த நாயிடமும் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த நிலத்தைச் சுற்றிக் காம்பவுண்ட் சுவர் எழுந்தது. மாமா ஆடுகளை விற்றுவிட்டு, உள்ளே எழும்பிய கம்பெனிக்கே செக்யூரிட்டியாகப் போனார். அம்மாவும் அதே சமயத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், காண்ட்ராக்டில், உற்பத்தி லைனில் சேர்ந்தாள். வேலை இழந்த பாண்டாவுக்கு நாங்கள் நான்கு பேர் மட்டுமே மந்தையாக மிஞ்சினோம். அந்த மந்தையோ ஷிப்டுக்கு ஒருவராகக் கலைந்துகொண்டே இருந்தது. அப்பா டியூட்டியில் இருந்தால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கும்; அம்மா கிளம்பினால் அவள் கணுக்காலைச் சுற்றி மறிக்கும். பைக்குகளையும் ஷேர் ஆட்டோக்களையும் துரத்தி மடக்கப் போயிற்று. கட்டிப்போட்டோம், சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணானது, முன்னங்காலைத் தானே கடித்து ரணமாக்கிக்கொண்டது. ஆடு வைத்திருப்பவர்களைத் தேடி அப்பா மணிமங்கலம் வரை அலைந்தார். வெளிநாட்டு நாய் என்றதும் யாரும் ஒப்பவில்லை. "ரத்தத்துல கீற கொணத்த சங்கிலி போட்டுக் கட்ட முடியுமா?" என்பார் அப்பா. அம்மாவோ, "அது இன்னா பண்ணும் பாவம், நம்மள்ல ஒருத்தர் இல்லன்னா அதுக்கு ஒரு ஆடு காணாமப் போனாப்ல" என்று புண்ணுக்கு மஞ்சள் பூசுவாள்.

ஒருநாள் காலை அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு பாண்டா ஓடியது. நானும் ஜோயலும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். கிளம்பிய பஸ்ஸைத் தாண்டிப் போய், நடு ரோட்டில் வயிறு தரையில் பட அமர்ந்து, அது பஸ்ஸை முறைத்துப் பார்த்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். எந்த நாயும் விலகிவிடும் என்று நினைத்திருப்பார். ஆனால் நிலைத்துப் பார்த்தால் எதிரே இருப்பது திரும்பிவிடும் என்றுதான் அதன் ரத்தம் அதற்குச் சொல்லியிருந்தது.

அம்மா இறங்கி ஓடிவந்து ரோட்டிலேயே உட்கார்ந்து, அதன் தலையை எடுத்து யூனிபார்ம் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கண் அவளையே பார்த்தபடி நின்றுபோனது. "அக்கா, டைம் ஆவுது, ஏறுக்கா" என்று பஸ்ஸிலிருந்து ஒரு பெண் அழுகிற குரலில் கூப்பிட்டாள். வேலை நிரந்தரமில்லை; அன்று நின்றுவிட்டால் மறுநாள் அவள் இடத்தில் வேறு ஆள் இருக்கலாம். அம்மா துப்பட்டாவால் கையைத் துடைத்தாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

அப்பா அதை ஒரு போர்வையில் சுற்றி, காம்பவுண்ட் சுவருக்கு வெளியே புதைத்தார். குழி தோண்டிக் கொடுத்த லூர்து மாமா செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். சாயங்காலம் அம்மா வந்து அந்த இடத்தைக் கேட்டாள், போய்ப் பார்த்தாள், சோறு தொடவில்லை. வெகுநேரம் கழித்து அப்பாவிடம், "நாம நாலு பேரும் ஒண்ணா வூட்ல இருந்து, ஒரு நாளாச்சும் அது நிம்மதியா தூங்கிச்சா?" என்று கேட்டாள்.

இன்று அந்த இடம் சர்வீஸ் ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஊரில் ஆடு வளர்ப்பவர் ஒருவரும் இல்லை. லூர்து மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ஜோயல் ஓசூரில், நான் ஆவடியில். லைன் வேலையை விட்டுவிட்ட அம்மா, தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறாள். அவற்றில் ஒன்றுக்குக்கூட அவள் பெயர் வைப்பதில்லை.