உமியில் வைத்த ஐஸ்

மூன்றாவது முறையாக ஐஸ் கட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார் ஜெக்கரியா. முதல் கழுவலில் உமி போகிறது, இரண்டாவதில் உமித்தூசி. மூன்றாவதில் ஐஸே பாதி போய்விடுகிறது. "பரவால்ல சார், போறது தண்ணிதானே. போன தடவ போகப் பாத்தது உசுரு" என்கிறார்.

தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு தனியார் விலங்குப் பூங்கா. அங்கே ஆறு ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்த்துக்கொள்பவர் இவர். ஒரு தைரியசாலியைப் பற்றி எழுதலாமென்று கறுப்புக் கண்ணாடியெல்லாம் மாட்டிக்கொண்டு போனேன். மே மாத வெயிலில் பத்து நிமிஷம் நின்றதும் தலை சுற்றியது எனக்குத்தான். நாய்களுக்காக நனைத்த சாக்கை என் தலையில் போட்டு, நிழலில் உமி மூட்டைமேல் உட்கார வைத்தார். "நாயிங்க ஒண்ணும் நெனச்சுக்காது சார்."

நாகப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மீனுக்கு உடைத்த ஐஸை இப்போது நாய்க்கு உடைக்கிறார். காலையில் ஆட்டு ரத்தம் விட்டு உறையவைத்த கட்டி, மதியம் வெறும் கட்டி. அடைப்பின் மூலையில் நாற்றங்காலுக்கு அடிப்பதுபோலச் சேறடித்து வைத்திருக்கிறார். நாய்கள் அதில் வயிற்றைப் பரப்பிப் படுக்கின்றன. "எங்க வீட்டுல ரெண்டு வருஷமா ஏர்கூலர் கேக்குறாங்க. நான் என்னடான்னா இங்க நாய்க்கு ஊட்டி கட்டிக்கிட்டிருக்கேன்."

உமி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். உருகாமலிருக்க ஐஸை உமியில் புதைத்து வைப்பது கம்பெனிப் பழக்கம். நான்கு நாளுக்கு முன் அந்தக் கட்டியைக் கழுவாமல் உள்ளே வைத்துவிட்டார். முகர்ந்த நாயெல்லாம் தும்மின. காட்டுநாய்க் கூட்டத்தில் தும்மல் என்பது கை தூக்குவது மாதிரி. போதுமான நாய்கள் தும்மினால் வேட்டைக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்கு ஆறும் வேலியோரமாக ஓடத் தொடங்கின. கூட்டத்துக்கு மூத்தவள் வெயில் தாங்காமல் நாலாவது சுற்றில் விழுந்தாள்.

"தும்மல் கதைய டாக்டர் அப்புறந்தான் சொன்னாரு. எனக்கு ஐஸ் தெரியும் சார், நாய் தெரியல. இருபது வருஷ அனுபவத்த வச்சு ஒரு உசுர எடுக்கப் பாத்தேன்."

தேறும்வரை மூத்தவளைப் பக்கத்து அடைப்பில், கம்பிவலையை ஒட்டியே வைத்திருந்தார். தள்ளிக் கொண்டுபோனால் கூட்டத்துக்கு வாசனை மறந்துவிடும். திரும்பி வந்தால் கடித்துத் துரத்திவிடும். இன்று அவளை உள்ளே விடும் நாள். வெயிலில் சோம்பிக் கிடக்கும்போது சண்டைக்கு எழாது என்று கணக்குப் போட்டு மதியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு சார்" என்றார். அதற்குமேல் கேலி பேசவில்லை.

கழுவிய கட்டியைச் சேற்றோரம் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். மூத்தவள் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனாள். ஐந்தும் எழுந்து அவளைச் சூழ்ந்தன. வெகுநேரம் முகர்ந்தன. கடைசியில் ஒன்று அவள் வாயை நக்கியது. பிறகு எல்லாமாக ஐஸைச் சுற்றிச் சேற்றில் சரிந்தன, அவளும் நடுவில்.

அந்த நேரம் பார்த்து, நான் உட்கார்ந்திருந்த உமி மூட்டை என் மூக்கில் வேலையைக் காட்டியது. மனிதத் தும்மல் அந்தக் கூட்டத்தில் செல்லுமா செல்லாதா, எனக்குத் தெரியாது. வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் வந்து நின்றிருந்த ஜெக்கரியா, ஐஸ் கழுவி விறைத்த விரல்களால் என் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மூத்தவளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.