துணைக்குப் போன மாசாணியம்மாள்

சூலூர் மாசாணியம்மாள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். ஆஸ்பத்திரி வாடையே அவருக்கு ஆகாது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கம்பெனி இன்சூரன்ஸே பார்த்துக்கொள்ளும், கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம் என்று அறிவித்தபோது, "நல்லா இருக்கிற உடம்பைக் கொண்டுபோயி எதுக்குங்க காட்டோணும்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் கோட்டைமேடு தாஜுன்னிசாவுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. வீட்டில் சொல்லப் பயம். மாசாணியம்மாளிடம் சொல்லி அழுதாள்.

"அழுவாத கண்ணு. நான் கூட வாரேன்."

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அதே கம்பெனிங்களா? அப்ப நீங்களும் எடுத்துக்கலாமுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"அக்கா, நீங்களும் எடுங்களேன். தனியா உள்ள போக எனக்குப் பயமா இருக்கு" என்று தாஜுன்னிசா கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகத்தான் மாசாணியம்மாள் ஒத்துக்கொண்டார்.

இருவருக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தாஜுன்னிசாவுக்கு வந்திருந்தது வெறும் நீர்க்கட்டி. அவள் மூச்சு விடுவதற்குள் டாக்டர் மாசாணியம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தானுங்க ஒண்ணு தெரியுது. கையில தட்டுப்படாத அளவுக்குச் சின்னது. ஊசி வெச்சுச் சதை எடுத்துப் பார்க்கோணும்."

மாசாணியம்மாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ஸ்கேனைச் சும்மா எடுத்துப்போட்டு, இனி ஒவ்வொண்ணுக்கும் காசு கறந்துபோடுவாங்க தாஜு. நான் ஊட்டுக்குப் போறேன்."

தாஜுன்னிசா இன்சூரன்ஸ் கவுண்டருக்கு ஓடிப்போய்க் கேட்டுவந்தாள். "அந்தப் பரிசோதனையும் இதுலயே அடக்கமாம். ஆபரேஷன்னாலும் அவங்களே கட்டிருவாங்களாம். எந்திரிங்கக்கா."

சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே அகப்பட்டுக்கொண்டது. கட்டியை மட்டும் எடுத்தார்கள், அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை. கொஞ்ச நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் போதும் என்றார்கள்.

பார்க்க வந்த தாஜுன்னிசாவிடம் மாசாணியம்மாள் சொன்னார்: "நீ மட்டும் அன்னைக்குப் பயப்படலைன்னா நான் உள்ளயே போயிருக்க மாட்டேன் கண்ணு."

கரண்டு வைத்து முடிந்த கடைசி நாள். "இனி சொல்றப்ப வந்து காட்டுனாப் போதுமுங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும், மாசாணியம்மாள் தூங்கிப்போனார். கண்டக்டர் எழுப்பியபோது சூலூர் தாண்டியிருந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அதுவும் அன்று நன்றாகத்தான் இருந்தது.