ரேடியோ அறையில் ஒரு குழந்தை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். பூதப்பாண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை எனக்கு. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் "மொதல்ல மருந்தக் குடுங்க, பெறகு பேய ஓட்டலாம்" என்று சண்டை பிடிக்கிறவள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, கேட்டுவிட்டாவது போங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகன் ஜெபினுக்கு ஐந்து வயது முடிந்ததும் ஆதாரில் கைரேகை பதிய நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன். அவன் அப்பா மஸ்கட்டில், எல்லா அலைச்சலும் என் தலையில்தான். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம், மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மண்டை காய்கிற வெயில், பிள்ளைக்குப் பசி. எதிரே இருந்த சர்பத் கடைக்காரர்தான் சொன்னார், "இந்தச் சந்து வழியா உள்ள போங்கம்மா, பார்க்கு ஒண்ணு கெடக்கு. நல்ல நெழலு உண்டு, ஆளுதான் வராது."

நாகர்கோவிலில் படித்து வளர்ந்தவள் நான், அப்படி ஒரு பூங்கா இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு துணிக்கடைகளின் பின்சுவருக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இரும்புக் கதவு. உள்ளே போனால், சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பெரிய இடம், அயனி மரமும் வேம்புமாக ஒரே நிழல், பஸ் சத்தம்கூடக் கேட்கவில்லை. சறுக்கி விளையாட ஒரு சிமெண்ட் யானை. நடுவில் அந்தக் காலத்து ரேடியோ அறை, சாயங்காலம் ஊர்ச்சனம் உட்கார்ந்து செய்தி கேட்பதற்காகக் கட்டினது. கதவில் துருப்பிடித்த பூட்டு. கம்பத்தில் இருந்த கூம்பு ஸ்பீக்கருக்குள் மைனா கூடு கட்டியிருந்தது, ஒயர் அறுந்து தொங்கியது. வாசலில் காவல்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் ஜெபின் யானைக்குப் பின்னால் ஓடிவிட்டான். "ஏலே, சாப்பிட்டுட்டு வெளையாடு" என்று கத்தினேன். மறுபக்கமாகச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் என் கண்ணுக்கு மறைந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் டி-சர்ட், நீலக் கால்சட்டை அணிந்த, ஐந்து வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை தாயைக் காணாமல் அழுதுகொண்டிருக்கிறது. பெயர் ஜெபின் என்று சொல்கிறது. ஒரு காலில் செருப்பு இல்லை. தாயார் உடனே ரேடியோ அறைக்கு வந்து அழைத்துச் செல்லவும்."

திருவிழாக்களில் கேட்போமே, அதே ராகம். கூட்டில் இருந்த மைனா அசையக்கூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள் டி-சர்ட், நீலக் கால்சட்டை, இரண்டு காலிலும் பச்சை வார் செருப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மைக்கில் அழுகை கேட்டது. "அம்மா, இஞ்ச வாம்மா... பயமா இருக்கும்மா..." பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளை அழுகிற சத்தம்? ஆழ்ந்த தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடுவேனே, அந்தச் சத்தம். என் கால் தன்னால் அந்த அறையைப் பார்த்து நடந்தது.

கையைப் பிடித்திருந்தவன் இழுத்தான். "போவாண்டாம்மா," என்றான். "அது நான் இல்ல."

என் கர்த்தாவே! அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். யானையைத் தாண்டும்போது பார்க்கிறேன், அதன் காலடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, சின்னது, பச்சை வார். ஓடிக்கொண்டே இடுப்பில் இருந்தவனின் கால்களைத் தடவிப் பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தன.

காவல்காரரை உலுக்கி எழுப்பினேன். "ரேடியோவா? நான் வேலைக்கு வந்த நாள்லேருந்தே அதுக்குக் கரண்டு கெடையாதும்மா," என்று கண்ணைக் கசக்கினார். "பிள்ளதான் ஒங்க இடுப்புல இருக்கே, பெறகு என்னத்துக்குப் பதறுதிய?" அவர் பேசும்போதும் அந்த அழுகை கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே கைரேகை பதிந்தோம். அதற்கு முன்னால் அவனுக்குக் கைரேகை எடுத்ததே இல்லை, ஒத்துப் பார்க்கப் பழையது கிடையாது. பூங்காவிலிருந்து என் இடுப்பில் வந்தவனுடைய விரல்தான் இன்றைக்கு என் மகன் ஜெபினுடைய விரல் என்று பதிவாகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவன் அப்பாவைப் போனில் கூப்பிட்டு அழுதேன். "ஏட்டி, வெயிலு தலைக்கேறிட்டா ஒனக்கு? பிள்ளைக்க மொகத்தக் காட்டு பாப்போம்," என்றார். வீடியோவில் காட்டினேன். "நம்ம பயதானட்டி" என்று சிரித்தார். நம்ம பயல்தான். நெற்றியில் தழும்பு இருக்கிறது, காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். ஆனாலும் அந்தச் சந்துப் பக்கம் நான் இதுவரை போகவில்லை. போய் நின்று, அந்த அழுகை இன்னும் கேட்டால்? என் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால்?

போன மாதம் எங்கள் சர்ச்சில் அசன விருந்து, ஊரே பந்தியில் இருந்தது. தாயைக் காணாமல் அழுகிற ஒரு பெண் குழந்தையைப் பற்றி ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபின் தலையை நிமிர்த்தாமல் கேட்டான், "அம்மா, இந்தப் பிள்ளைக்க அம்மயாவது போவாளா?"

அவன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டிருந்தான்.