பூஜைக்கு நிறுத்திய சர்வர்

விஜயதசமி அன்று காலை, விழுப்புரத்தில் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையின் கணக்கெல்லாம் இருந்த சர்வரை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியது அங்கே கணக்கு பார்க்கும் அக்கா.

"சார், சர்வரு கிளம்பவே மாட்டேங்குது. மொதலாளி கத்திக்கினு இருக்காரு. ஜல்தி வாங்க சார்."

"அத யாருக்கா நிறுத்தினது?"

"நான்தான் சார். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் லீவு வுடணும்னு மொதலாளி சொன்னாரு. சர்வருக்குமான்னு கேட்டேன். அது மட்டும் என்னா, சாமிக்கு மேல ஒசத்தியான்னாரு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி முறையாத்தான் சார் நிறுத்தினேன்."

எனக்கு வாயில் நுரையோடு கோபம் வந்தது. தொண்ணூறுகளில் வாங்கிய யூனிக்ஸ் மெஷின் அது. இரவு பகல் பார்க்காமல் வருடக்கணக்காக ஓடியது. மற்ற வருடங்களில் ஓட ஓடவே சந்தனப் பொட்டு வைத்துவிடுவார்கள். இந்த வருடம் முதலாளிக்குப் பக்தி கூடிவிட்டது. வயதான டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமல் போகலாம், புது மெஷின் வாங்கி லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஓடிக்கினுதான இருக்குது, ஓடட்டும் வுடுங்க" என்பார். பேக்கப் எடுக்கும் டேப் டிரைவ் கெட்டபோதும் அதே பதில்தான். பொறுக்க மாட்டாமல் நானே ஒரு லினக்ஸ் மெஷினைத் தயார் செய்து வீட்டில் வைத்திருந்தேன். அதைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தது. டிரைவரும் பூஜை மயக்கத்திலேயே ஓட்டினார். விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கியவர் ஏறுவதாகக் காணோம். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. மடியில் மெஷினோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டபோது அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைக்குள் நுழையும்போதே முதலாளியின் குரல் கேட்டது. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தம்மா கைய வச்சிதான் எல்லாம் போச்சு." அக்கா தலை நிமிரவில்லை. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் படுத்த படுக்கையாகிவிட, குடும்பமே அக்காவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லித்தான நிறுத்தினாங்க?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"நான் பூஜ பண்ணச் சொன்னேன். கெடுக்கச் சொன்னேனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெஷினைத் திறந்தேன். டிஸ்கில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே தட்டும் அதைப் படிக்கும் முனையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. டிஸ்கை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கரண்ட் பாயும் நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்ப வேண்டும். ஒட்டியது விட்டால் பிழைக்கும். தட்டில் கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு. அக்காவை சுவிட்ச் போடச் சொன்னேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினேன். 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் எழுந்து உயர்ந்தது. டிஸ்க் என் கையில் அதிர்ந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

மடித்த துண்டின் மேல் அதை வைத்துவிட்டு, இருந்ததையெல்லாம் புது மெஷினுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஃபைல்களின் பெயர்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. இடையில் டிஸ்க் நின்றால் இன்னொரு தடவை கிளம்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கடையை மூன்று சுற்று சுற்றி வந்தேன். பேரிங் ரேக் ஓரத்தில் முதலாளி என்னை மடக்கினார்.

"தம்பி, புது மெஷின்ல எல்லாருக்கும் பேரு, பாஸ்வேர்டு போட்டுடுங்க. அந்தம்மாவுக்கு மட்டும் வாணாம்."

எங்கள் வேலையில் இது ஒரு சாபம். ஒருவருக்கு வேலை போகும் சேதி அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு இடங்களில் சொன்னதைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் போயிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. நேராக உள்ளே போய்ப் பழைய மெஷினின் சுவிட்சில் விரலை வைத்தேன். முதலாளி பின்னாலேயே வந்தார்.

"அக்காவுக்குப் பேரு இல்லன்னா நானும் இத ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போறேன். இன்னும் பாதி கூட வந்து சேரல."

"இன்னா தம்பி, மெரட்டறீங்களா?"

"ஆமாங்க."

டேபிள் ஓரத்தில் நின்ற அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. முதலாளி என் விரலைப் பார்த்தார், ஓடும் திரையைப் பார்த்தார். "ஒரே பேஜாருப்பா. போட்டுக்குடுங்க, போங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அவர் சரி என்று சொல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

எல்லாம் வந்து சேர்ந்ததும் அக்காவின் பெயரைத்தான் முதலில் போட்டேன். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி, புதுப் பாஸ்வேர்டை இரண்டு தடவை அடிக்கச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மெஷின் திருப்பியது. மறுபடி அடித்தார், மறுபடியும் திருப்பியது.

"மெதுவாக்கா. யாரும் பாக்கல."

ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். இந்தத் தடவை மெஷின் ஏற்றுக்கொண்டது. திரையில் தன் பெயரைப் பார்த்ததும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.