மருமகளின் கழுத்துக்குள் ஒரு பூமாலை

குதிக்காலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தில் என் மருமகளின் நோய் பிடிபட்டது. அக்காவின் முதல் பிள்ளை. பிறந்து பதினைந்து நாள். எந்நேரமும் நித்திரை. அழுதாலும் குரல் வெளியே வராது.

"கழுத்திலை தைரொயிட் சுரப்பி இருக்கு. ஓமோன் செய்யிற நொதியத்திலைதான் பழுது போலை. இண்டைக்கே ஓமோன் குளிசையைத் தொடங்குங்கோ, பிந்தினால் மூளை வளராது" என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் நான் முள்ளியவளையில் அக்கா வீட்டுக்குப் போனபோது குளிசை அலுமாரிக்குள் பிரிக்காமல் கிடந்தது. குசினியில் ஐந்து பைக்கற் அயடீன் உப்பு.

"உன்ரை அக்காவுக்கு மீனும் உப்பும் குடுத்தால் அயடீன் பாலிலை போகும்தானே?" என்றார் அத்தான். "இந்தப் பச்சை மண்ணுக்கு ஏன் ஓமோன்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்தவன் நான் ஒருவன்தான். பரீட்சைக்குப் பாடமாக்கிய பக்கம் இதோ, பாயில் பிள்ளையாய்ப் படுத்துக் கிடந்தது.

அக்கா கோயிலுக்கு மாலை கட்டுபவள். பிள்ளை பெற்ற துடக்கு என்று முப்பத்தொரு நாளும் பூவைத் தொடமாட்டாள். முற்றத்து நந்தியாவட்டை பூத்துக் கொட்டியது. வாழைநார் கொடியில் காய்ந்து தொங்கியது.

"அக்கா, பூ கிடக்கு, நார் கிடக்கு. மாலை எங்கை?"

"கட்டுறவள் துடக்கெல்லோடா."

"அத்தான், இன்னும் பத்து மரம் நட்டால் மாலை வருமோ?"

"உனக்கென்ன விசரே?"

"அப்ப ஏன் அஞ்சு பைக்கற் உப்பு?"

நான் விடாமல் விளக்கினேன். சுரப்பிக்குள் நீளமான புரதம் ஒன்று நார் போலக் கிடக்கிறது. அதில் தைரோசின் என்ற அமினோ அமிலங்கள். தைரொயிட் பெரொக்சிடேசு என்ற நொதியம் அவற்றில் சிலவற்றில் ஒன்றோ இரண்டோ அயடீனைப் பூப்போல முடிகிறது. பிறகு அதுவே அவற்றைச் சோடி சேர்த்துக் கட்டுகிறது. நான்கு அயடீன் சேர்ந்தால் தைரொக்சின். வேறு நொதியங்கள் அதை நாரிலிருந்து வெட்டி இரத்தத்தில் விடும்.

"இவளிட்டை கட்டுற ஆள்தான் இல்லை" என்றேன். "இப்ப கோயிலுக்கு எங்காலை மாலை?"

"ஐயர் சந்தையிலை கட்டினதை வாங்கிறார்" என்றாள் அக்கா.

"சாமி வேண்டாமெண்டவரோ? குளிசையும் கட்டின மாலைதான்."

அக்கா சிரித்தபடி எழுந்து அலுமாரியைத் திறந்தாள். "உன்ரை வியாக்கியானம் காணும். கரண்டியைக் கொண்டா." குளிசையை நசித்து, தன் பாலில் குழைத்துப் பருக்கினாள்.

துடக்குக் கழிந்து அக்கா மாலை கட்டத் தொடங்கிய பின்னும் குளிசை தவறவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் பஸ்ஸுக்குள் நிற்கையில் அத்தானின் அழைப்பு.

"கேளடா!"

காது கிழிய ஒரு அலறல்.

"கத்துறாளடா! பக்கத்து வளவுக்கும் கேக்குது!"

பஸ்ஸென்றும் பாராமல் நானும் கத்தினேன்.